சட்டைப்பை நோட்டும் மைப்பேனாவும்: தாளின் கனத்தைப் பார்த்து வாங்கினால் போதுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் 70 ஜிஎஸ்எம் நோட்டில், மீடியம் நிப்பு உள்ள மைப்பேனாவால், ராயல் ப்ளூ மையில் எழுதுகிறீர்கள், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறது, தாளின் பின்பக்கத்தில் எழுத முடியவில்லை, 100 ஜிஎஸ்எம் தாள் போட்ட நோட்டாகப் பார்த்து வாங்கினால் சரியாகிவிடுமா? சரியாகலாம், ஆகாமலும் போகலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்று சொல்லும் கணக்கு. மை பட்டால் அந்தத் தாள் என்ன செய்யும் என்பதை அது சொல்வதில்லை. ஜப்பானின் தொமோயே ரிவர் தாள் 52 ஜிஎஸ்எம்தான், கையில் எடுத்தால் வெங்காயச் சருகைப் போலச் சலசலக்கும். ஆனால் அதில் எழுதிய கோட்டின் ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்கும், மையும் பின்பக்கம் இறங்காது. மாறாக, பரிசுப் பொருள் கடைகளில் அழகான அட்டையோடு விற்கும், கையால் செய்த தாள் போட்ட நோட்டுகளில் அதைப்போல் இருமடங்குக்கு மேல் கனமான தாள்கள் இருக்கும். அவற்றில் பலவற்றில் ஒரு புள்ளி வைத்தால் அது கால் முளைத்த பூச்சியைப் போல நாலாபக்கமும் ஓடும்.

முதலில் குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் சேர்த்து "மை ஊறுகிறது" என்றே சொல்லிவிடுகிறோம். மை தாளின் மேற்பரப்பில் நார்களின் வழியே பக்கவாட்டில் ஓடி எழுத்தின் ஓரத்தை மயிர்மயிராக ஆக்குவது பிசிறு. மை தாளைத் துளைத்துக்கொண்டு பின்பக்கத்தில் புள்ளிபுள்ளியாகத் தலைகாட்டுவதும், சில சமயம் அடுத்த தாளையே தொட்டுவிடுவதும் ஊறல். மை மேல்பக்கத்திலேயே நின்றும், தாள் மெலிந்திருப்பதால் எழுத்து பின்பக்கம் மங்கலாகத் தெரிவது வெறும் நிழல். இந்த மூன்றில் தாளின் கனம் உறுதியாகத் தீர்ப்பது நிழலை மட்டும்தான். ஊறலை அது ஓரளவு தள்ளிப்போடும். பிசிறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லலாம்.

காரணம் தாளின் அமைப்பில் இருக்கிறது. தாள் என்பது செல்லுலோஸ் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பரப்பு. நாருக்கும் நாருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் ஏராளம். செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் அத்தனை பிடிக்கும். பால் பாயின்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பதத்தில் குழம்பாக இருப்பதால் எந்தத் தாளிலும் வைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மைப்பேனாவின் மையோ ஏறக்குறைய சாயம் கலந்த தண்ணீர்தான். நீர்த்திருந்தால்தான் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கட்டையின் மெல்லிய வாய்க்கால் வழியாக முள்ளுக்கு, அதாவது நிப்புக்கு, வந்து சேர முடியும். அந்த நீர்மையேதான் தாளில் வந்ததும் தொல்லையாகிறது. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதைப் போல இடுக்குகள் மையை இழுக்கின்றன. இழுக்காமல் தடுக்கத் தாளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும்; அந்த வேலைக்குக் காகித ஆலைகளில் சைசிங் என்று பெயர்.

கஞ்சி போட்ட வேட்டியையும் போடாத வேட்டியையும் நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். கஞ்சி முறுக்கோடு இருக்கும் துணியில் தண்ணீர் பட்டால் ஒரு கணம் தயங்கி நிற்கும். நாலு முறை துவைத்து நைந்த துணியில் உடனே பரவிவிடும். தாளுக்கும் மேற்பூச்சாக உண்மையிலேயே மாவுச்சத்துக் கஞ்சிதான் போடுகிறார்கள். அதற்கு முன்பே, கூழாக இருக்கும் நிலையில், தண்ணீரை விலக்கும் பொருளைக் கலந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் நெடுங்காலம் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய ஜெலட்டினில் தாளை முக்கி எடுத்தார்கள். 1807இல் ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் ஃப்ரீட்ரிஷ் இல்லிக் என்பவர் மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். மலிவாகத் தாள் செய்ய அது வழிவிட்டது, ஆனால் படிகாரத்தின் அமிலம் காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கி நொறுக்கியது. நம் வீடுகளில் பழைய புத்தகங்கள் தொட்டால் உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது பெரும்பாலான எழுதுதாள்களுக்கு அமிலமற்ற செயற்கைப் பொருள்களே பயன்படுகின்றன.

இந்தத் தடுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க ஆலைகளில் காப் சோதனை என்று ஒன்று உண்டு: 100 சதுர சென்டிமீட்டர் தாளின் மேல் தண்ணீரை 60 நொடி நிறுத்தி, ஒற்றி எடுத்து, தாள் எவ்வளவு எடை கூடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எண் குறைந்தால் தாள் குறைவாகக் குடிக்கிறது என்று பொருள். நோட்டு வாங்கும் நமக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த எண்தான், ஆனால் எந்த நோட்டின் அட்டையிலும் இதை அச்சிட்டு நான் பார்த்ததில்லை. பழைய காகிதக்காரர்கள் தாளின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார்களாம். நாக்கு ஒட்டிக்கொண்டால் சைசிங் போதவில்லை. கடையில் இதைச் செய்து பார்க்கும்படி உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு செய்தியும் இங்கே முக்கியம். தாளின் இடுக்குகளைப் போன்ற நுண்குழாயில் நீர் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்பதை அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் வாஷ்பர்ன் 1921இல் ஒரு சமன்பாடாக எழுதினார். அதன்படி தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. அதாவது ஒரு நொடியில் மை போகும் தூரத்தைப்போல் இருமடங்கு போக நான்கு நொடி ஆகும். ஓட்டம் தொடக்கத்தில்தான் வேகம், போகப்போகத் தளரும். ஆனால் முள் தாளைத் தொட்டபடி நிற்கும்வரை புது மை இறங்கிக்கொண்டே இருக்கும், ஊறலுக்குத் தீனியும் கிடைத்துக்கொண்டே இருக்கும். எனவே எழுதும் கை எங்கே தயங்குகிறதோ அங்கே ஊறும். தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு: நம் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைக்க முள்ளைத் தூக்கி, குத்தி, எடுக்கிறோம். மோசமான நோட்டில் ஒரு பக்கம் எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் முதலில் தெரிவது எழுத்துகள் அல்ல, வரிசையாகப் புள்ளிகள்தான். அதற்கடுத்து ண, ன, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள். சின்ன நோட்டில் எழுத்தைச் சின்னதாக்குகிறோம், சுழியின் உள்வெளி சுருங்குகிறது, ஓரத்தில் கொஞ்சம் பிசிறடித்தாலே சுழி அடைத்துக்கொண்டு ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும் நோட்டு மதிப்புரைகளை நம்பித் தமிழுக்கு நோட்டு வாங்குவதில் இந்தச் சிக்கல் இருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், தண்ணீரையே குடிக்காத தாளாகப் பார்த்து வாங்கிவிடலாம் என்று தோன்றும். மேசையில் வைத்து எழுதும் நோட்டுக்கு அது சரி. சட்டைப்பை நோட்டுக்குச் சரியில்லை என்பதே என் முடிவு, உங்களுக்குச் சொல்ல வந்த செய்தியும் அதுதான். மை காய்வதற்கு இரண்டு வழிதான் உண்டு: தாள் குடிக்க வேண்டும், அல்லது காற்றில் ஆவியாக வேண்டும். குடிக்க மறுக்கும் தாளில் மை மேலேயே நின்று ஆவியாகக் காத்திருக்கும். அப்படி நிற்பதால்தான் அதில் மையின் நிறம் அடர்த்தியும் வெளிர்ப்புமாக அழகாகத் தெரிகிறது, சில மைகள் ஓரத்தில் செம்பு போல மினுக்கவும் செய்கின்றன. ஆனால் ஈரமாக எழுதும் பேனா என்றால் அரை நிமிடத்துக்குப் பிறகும் விரலில் ஒட்டும். சட்டைப்பை நோட்டை யார் அரை நிமிடம் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? நின்றபடி நான்கு சொல் எழுதி, மூடி, பையில் செருகிவிட்டு நடப்பதற்காகத்தானே அதை வைத்திருக்கிறோம்.

நான் இதை ஒரு சர்வே எண்ணை இழந்து கற்றுக்கொண்டேன். பேருந்துக்குக் காத்திருந்தபோது ஊரிலிருந்து அழைத்து, நிலத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். வழுவழுப்பான, பேனாப் பிரியர்கள் போற்றுகிற ஒரு வெளிநாட்டு நோட்டு அன்று என் பையில் இருந்தது. எழுதினேன், பேருந்து வந்தது, மூடினேன். மாலையில் திறந்தால் எழுதிய பக்கத்தில் உட்பிரிவு எண் நீலக் கறையாக இருந்தது. எதிர்ப்பக்கத்தில் அதன் கண்ணாடிப் பிம்பமும் இருந்தது, அதுவும் கறைதான். மூன்றா, எட்டா என்று இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஊருக்கு அழைத்தேன். பள்ளியில் மை கொட்டினால் சாக்பீஸை உருட்டி ஒற்றியெடுப்போமே, பேருந்து நிறுத்தத்தில் அதற்கும் வழியில்லை.

ஆகவே நீங்கள் தேடவேண்டியது கொஞ்சம் குடிக்கும், ஆனால் குடிவெறி இல்லாத தாள். எழுதிய ஐந்து முதல் பத்து நொடிக்குள் மூட முடிய வேண்டும். அதற்கு விலையாக இலேசான நிழலையும், நிறத்தில் கொஞ்சம் மங்கலையும் ஏற்றுக்கொள்ளலாம். ஊறல் இருக்கக் கூடாது, சுழி அடைக்கக் கூடாது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பெயர்பெற்ற நோட்டுகளின் வரிசை நாம் கேள்விப்படும் வரிசையாக இருப்பதில்லை.

பிரான்சின் ரோடியா சிற்றேடுகள் 80 ஜிஎஸ்எம் தாளில் வருகின்றன. 1934இல் தொடங்கிய அந்தப் பெயர் 1997 முதல் க்ளேர்ஃபோன்டேன் நிறுவனத்திடம் இருக்கிறது, தாளும் அவர்களுடையதே. அதன் 12ஆம் எண் சிற்றேடு 85க்கு 120 மில்லிமீட்டர், சட்டைப்பைக்கு அளந்து செய்தது போல இருக்கும். பிசிறு அநேகமாக இல்லை, ஊறலும் இல்லை. காய்வதில்தான் அதுவும் நிதானக்காரன், தொமோயே ரிவர் அளவுக்கு மோசமில்லை. அமெரிக்காவின் ஃபீல்டு நோட்ஸ் 2007இல் தொடங்கியது. மூன்றரை அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம், 48 பக்கம், நடுவில் மூன்று பின். அடிப்படையில் பென்சிலுக்கும் பால் பாயின்ட்டுக்கும் ஏற்ற பண்ணைக் குறிப்பேடுகளின் மரபில் பிறந்தது என்பதை மறக்காமல் இருந்தால் ஏமாற்றம் இராது. மெல்லிய நிப்பில் பிழைத்துக்கொள்ளலாம், மேலும் அதன் சிறப்புப் பதிப்புகளில் தாள் மாறுகிறது என்பதால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்ல முடியாது. 1997இல் மிலானிலிருந்து வந்த மோல்ஸ்கின் நோட்டின் வழக்கமான தாள் 70 ஜிஎஸ்எம். தோற்றத்துக்கு அதை வாங்குகிறவர்கள் பலர், மைப்பேனாவுக்காக வாங்குகிறவர்கள் குறைவு.

இவற்றை இறக்குமதி விலையில் வாங்குவதற்கு முன் நம் ஊர்த் தாளைப் பார்க்கச் சொல்வேன். அச்சகங்களில் க்ரீம்வோவ், மேப்லித்தோ, பாண்ட் என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. மலிவு விலைப் பள்ளி நோட்டுகளிலும் விளம்பரத்துக்குத் தரும் இலவசச் சிற்றேடுகளிலும் பெரும்பாலும் முதல் இரண்டு வகைதான். மேப்லித்தோ ஆஃப்செட் அச்சுக்கான தாள்; அச்சு மைக்கு ஏற்றபடி செய்யப்படுகிறதே தவிர பேனா மைக்காக அல்ல, ஆகையால் ஆலைக்கு ஆலை, சில சமயம் சுமைக்குச் சுமை குணம் மாறும். போன ஆண்டு நன்றாக எழுதிய அதே நோட்டு இந்த ஆண்டு பிசிறடித்தால் உங்கள் பேனாவைச் சந்தேகிக்க வேண்டாம். பாண்ட் தாள் கடிதத்துக்கும் ஆவணத்துக்கும் என்று செய்வதால் அதில் சைசிங் பொதுவாகக் கெட்டியாக இருக்கும். கரும்புச் சக்கைத் தாளையும் தனியே சொல்ல வேண்டும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் மாநில அரசால் தொடங்கப்பட்டது சக்கையை மூலப்பொருளாகக் கொண்டே. சக்கையின் நார் ஊசியிலை மரநாரைவிடக் குட்டை, நெருக்கமாக அடைந்து சமமான பரப்பைத் தரும். சக்கை கலந்த ஜெராக்ஸ் தாளில் மைப்பேனா எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடுவதைப் பலரும் கவனித்திருக்கிறார்கள், நானும் கவனித்திருக்கிறேன். மறுசுழற்சித் தாளில் எச்சரிக்கை தேவை. நார் மறுபடி மறுபடி கூழாகி நைந்திருக்கும், சைசிங்கும் பெரும்பாலும் குறைவு.

என் பையில் இப்போது இருப்பது நானே வெட்டுவித்த நோட்டுதான். கணக்கு எளிது: ஆறு ஏ4 பாண்ட் தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் பன்னிரண்டு ஏ5, அவற்றை அடுக்கி நடுவில் மடித்தால் ஏ6 அளவில் 24 தாள், 48 பக்கம். மேலே ஒரு அட்டை போட்டு, பைண்டிங் கடையில் சென்டர் பின் அடித்து, ஓரத்தைக் கட்டிங் மிஷினில் ஒரு சீவு சீவித் தரச் சொன்னால் வேலை முடிந்தது. ஏ4 தாளில் நார் பொதுவாக நீளவாக்கில் ஓடும். மேற்படி வெட்டி மடித்தால் மடிப்பு நாரின் போக்கிலேயே விழுவதால் நோட்டு விறைத்துக்கொண்டு நிற்காமல் படிந்து கிடக்கும். ஏ6 அளவு சில சட்டைப்பைகளுக்குக் கொஞ்சம் உயரம் அதிகம் என்பதால் நான் 130 மில்லிமீட்டராகச் சீவச் சொல்வேன். 80 ஜிஎஸ்எம்மே போதும். 100 போட்டால் நோட்டு பையைத் தொங்கவைக்கும்.

தாளை மாற்றாமலேயே செய்யக்கூடியதும் உண்டு, உங்களுக்கு அதுவே முதல் வழியாக இருக்கலாம். மீடியம் நிப்பை விட்டு ஃபைன் நிப்புக்கு வாருங்கள். ஜப்பானியப் பேனாக்களின் ஃபைன், ஐரோப்பியப் பேனாக்களின் ஃபைனைவிட மெல்லியது. கோடு மெலிந்தால் இறங்கும் மையும் குறைகிறது, பிசிறுக்கும் ஊறலுக்கும் காயும் நேரத்துக்கும் ஒரே மருந்தாகிறது. பட்டையடிக்கும் பெரிய முள்ளுள்ள எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்கள் மேல் எனக்கும் ஆசை உண்டு, ஆனால் அவற்றின் இடம் வீட்டு மேசை. அதுவும் நேரடியாக மை ஊற்றும் பேனாவில் மை குறைந்த நிலையில், உடம்புச் சூட்டில் உள்ளே காற்று விரிந்து மையைக் கக்கினால் நோட்டோடு சட்டையும் போகும். மையிலும் தேர்வு இருக்கிறது. மாசிக்காயில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய வகை மைகள், பெலிக்கான் 4001 ப்ளூ பிளாக், பிளாட்டினம் ப்ளூ பிளாக் போன்றவை, மட்டமான தாளிலும் ஓரம் கலையாமல் நிற்பதில் பெயர் வாங்கியவை. தண்ணீர் பட்டாலும் முழுக்க அழியாது. பேனாவிலேயே காயவிடாமல் அவ்வப்போது கழுவ வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வழவழவென்று தாராளமாக ஓடும் மைகள் எழுதச் சுகமானவை, ஆனால் அந்த ஓட்டத்துக்காகக் குறைக்கப்பட்ட பரப்பு இழுவிசை, தாளுக்குள் ஊடுருவவும் உதவிவிடுகிறது.

கடையில் சோதிக்க முடிந்தால் சோதித்துவிட்டே வாங்குங்கள். உங்கள் பேனாவையே கொண்டுபோங்கள், கடைப் பேனா வேண்டாம். கடைசித் தாளின் இரு பக்கத்திலும் எழுதுங்கள், ஏனென்றால் தாள் இயந்திரத்தில் கம்பிவலை பட்ட பக்கமும் படாத பக்கமும் ஒன்றுபோல் குடிப்பதில்லை. இடப்பக்கம் நன்றாகவும் வலப்பக்கம் பிசிறாகவும் இருக்கும் நோட்டுகள் இப்படித்தான் பிறக்கின்றன. நான் எழுதிப் பார்ப்பது "கிண்ணம்", "ஞாயிறு" என்ற இரண்டு சொற்கள். பிறகு ஒரு புள்ளியில் முள்ளை வைத்து மூன்று எண்ணும்வரை எடுக்காமல் இருப்பேன். ஐந்து எண்ணிவிட்டு முதல் சொல்லின்மேல் விரலை இழுப்பேன். சுழி திறந்திருக்கிறதா, புள்ளி பின்பக்கம் வந்ததா, விரலில் நீலம் ஒட்டியதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைக்காரர் முறைத்தால் நோட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து செய்யுங்கள், பத்தாக வாங்குவதற்கு முன் ஒன்று வாங்கியதாக இருக்கட்டும்.

கடைசியாக, நோட்டு பையில் என்ன பாடுபடுகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் சட்டைப்பை ஒரு நீராவிப் பெட்டி. தாள் காற்றின் ஈரத்தையும் உடம்பின் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும், ஈரம் ஏறிய தாளில் மை கூடுதலாகப் பரவும். காலையில் ஒழுங்காக எழுதிய நோட்டு பிற்பகலில் பிசிறடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பக்கத்தின் கீழ்ப்பகுதியில் கைவியர்வையின் எண்ணெய் படிந்த இடங்களில் இதற்கு நேர்மாறாக மை பிடிக்காமல் விட்டுவிட்டு வரும். அட்டைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, எழுதும்போது அடிக்கையின் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் இரண்டும் பெரிதும் குறையும். அந்தத் துண்டை ஒற்றுத்தாளாகவே வெட்டி வைத்துக்கொண்டால், எழுதி முடித்ததும் பக்கத்தின் மேல் அதை வைத்தே நோட்டை மூடிவிடலாம். என் நோட்டில் ஒன்று எப்போதும் இருக்கிறது. அது முழுக்க நீலமானதும் மாற்றுகிறேன்.